பதினாலில் நின்ற முள்

நம்பாதவர்கள் நம்பாமலே வாசிக்கலாம். நடந்ததற்கு அதனால் ஒரு குறையும் இல்லை. உச்சி வெயிலில், நாலா பக்கமும் உப்பு வெள்ளையாய் மின்னிக்கொண்டிருந்த இடத்தில், வளர்ந்த ஆம்பிளை ஒருவன் செருப்பை விட்டுவிட்டு ஓடினான். அந்தச் செருப்பு ஒரு வாரம் மடைக்கரையில் கிடந்தது. உப்பு வாருகிற பெண்கள் நாற்பது பேர் அதைப் பார்த்தார்கள். பேய்க்கு இருட்டு வேண்டும், சுடுகாடு வேண்டும் என்று சொல்லும் சூரர்கள் அந்த நாற்பது பேரிடம் போய்ப் பேசிக்கொள்ளட்டும்.

1958ஆம் வருஷம், பங்குனி. பெரியபட்டினத்துக்கு மேற்கே, கடலை ஒட்டி ஓர் உப்பளம். முதலாளி சதக், குடியிருப்பு ராமநாதபுரத்தில். கடல் ஏறும் நேரத்தில் மடைப் பலகையைத் தூக்கி உப்புத்தண்ணீரை உள்ளே விடுவார்கள். இறங்குவதற்குள் பலகையை இறக்கி அடைத்துவிடுவார்கள். இரும்புப் பட்டை அடித்த தேக்குப் பலகை, வீட்டு வாசற்கதவு அகலம். இரண்டு பக்கமும் கல்லில் வெட்டிய காடிக்குள் ஏறி இறங்கும். அந்தக் காடியில் சிப்பி ஒட்டி வளரும். அதைச் செதுக்குவதற்கு ஆட்கள் உளியோடு தண்ணீருக்குள் முங்குவார்கள். கலங்கல் தண்ணீர். முங்கிய ஆள் மேலே நிற்பவன் கண்ணுக்குத் தெரிய மாட்டான்.

அதனால் மடைக்காரர் ராக்கப்பன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பலகையை இறக்கும் முன் கடப்பாரையால் மடைக்கல்லில் பதித்திருந்த தண்டவாளத் துண்டில் தட்டி, "ஆளிருக்கா" என்று கேட்பார். மூன்று தடவை. கீழே யாராவது இருந்தால் உளியால் கல்லில் தட்டுவான். மூன்றுக்கும் பதில் இல்லை என்றால்தான் பலகை இறங்கும். இருபது வருஷமாக இதில் ஒரு நாள் தவறியதில்லை. பட்டப்பகலில், கடல் அடி மட்டத்தில் கிடக்கும்போது, தரை தெரிந்தாலும் கூப்பிடுவார்.

இதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவன் ஹமீது சுல்தான்.

கீழக்கரைக்காரன், வயது முப்பத்திரண்டு. கொழும்புத் துறைமுகத்தில் ஒன்பது வருஷம் மெக்கானிக்காக இருந்தவன். கைவேலையில் குறை சொல்ல முடியாது. வாய்தான். கொழும்பில் குடித்த டீயைப் பற்றிப் பேசினால்கூட இங்கே டீ குடிக்கிறவன் எல்லாம் மாடு என்று தோன்றும்படி பேசுவான். தன் அப்பா வயதுள்ள ராக்கப்பனை "ஏலே ராக்கப்பா" என்றுதான் கூப்பிடுவான்.

முதலாளி மடைக்கு மோட்டார் போட்டார். அரை மைல் தள்ளி இருக்கும் ஆபீஸில் சுவிட்சைத் திருப்பினால் பலகை ஏறும், இறங்கும். சரி, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஆபீஸில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? அதற்கு ஹமீது ஒரு கருவி கொண்டுவந்தான். யுத்தத்துக்குப் பிறகு உடைத்த கப்பலில் கழற்றியது. பலகையை இழுக்கும் உருளையின் அச்சில் ஒரு பெட்டி. அச்சு எவ்வளவு சுற்றுகிறதோ, அதே அளவு ஆபீஸ் சுவரில் இருக்கும் வட்டத்தில் முள் சுற்றும். நடுவில் பனைமரக் கம்பங்களில் ஒயர். பலகை பத்து அங்குலம் உயர்ந்தால் முள் பத்தில் நிற்கும். முழுக்க அடைத்தால் சைபர். செல்சின் என்றான் அவன். அளத்துப் பெண்கள் அதைக் கடிகாரம் என்றார்கள்.

"மேஸ்திரி கடிகாரத்துல முப்பத்தாறு மணி வரைக்கும் போட்டுருக்காம்டி" என்றாள் பஞ்சம்மாள், தலையில் உப்புக் கூடையோடு. "அம்புட்டு நேரம் வேலை வாங்கப் போறாகளாக்கும்."

"ஏத்தா, அது இஞ்சு. மணி இல்ல. எழுத்துத் தெரியாட்டி வாயைப் பொத்து" என்றான் ஹமீது. அளத்தில் எல்லாருக்கும் அவன் மேஸ்திரி.

"எங்களுக்கு எழுத்துத் தெரியல. மேஸ்திரிக்கு மரியாத தெரியல. சரிக்குச் சரியாப் போச்சு."

கூடைகள் குலுங்கச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

முதலாளி வைத்த ஏற்பாடு இது. சனிக்கிழமை முதல் புதன்கிழமை வரை சோதனை. முள்ளும் பலகையும் ஒத்துப்போனால், வியாழக்கிழமை காலை ஹமீது ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடவேண்டும், கருவி சரியாக இருக்கிறது என்று. வெள்ளிக்கிழமையிலிருந்து ராக்கப்பனுக்கு வேலை இல்லை. அவருக்கு வயது ஐம்பத்தாறு. வேறு எந்த அளத்திலும் யாரும் அந்த வயதில் ஆள் எடுக்க மாட்டார்கள். இதை அவர் யாரிடமும் சொல்லி அழவில்லை. வெற்றிலையை மட்டும் கூடுதலாக மென்றார்.

சனிக்கிழமை. ஹமீது ஆபீஸில், ராக்கப்பன் மடையில். இடையில் கைப்பிடி சுற்றிப் பேசும் டெலிபோன், அதுவும் பட்டாளத்துச் சாமான். ராக்கப்பன் மூன்று தடவை கூப்பிட்டார். பிறகு ஹமீது சுவிட்சைத் திருப்பினான். பலகை இறங்கியது. முள் சைபர். அச்சுப் பிசகவில்லை.

"இந்தக் கூப்பாடு எதுக்குலே? அஞ்சு நிமிசம் வீணு. நாளையில இருந்து கூப்பிடாத."

"கூப்பிடாம எறக்கக் கூடாது மேஸ்திரி."

"தண்ணிக்குள்ள கெடக்குற மீனு பதில் சொல்லுமா ஒனக்கு? சொன்னதைச் செய்யி."

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடவில்லை. மதியம் 12.40க்குப் பலகை இறங்கியது. டெலிபோனில் ராக்கப்பன், "தரையைத் தொட்டுருச்சு" என்றார்.

முள் பதினாலில் நின்றது.

ஹமீது வட்டத்தைத் தட்டினான். நகரவில்லை. பலகையை மறுபடி தூக்கினான். முள் ஒழுங்காக ஏறியது. இறக்கினான். இருபது, பதினெட்டு, பதினாறு, பதினாலு... அங்கேயே நின்றது. திங்கட்கிழமையும் அதே கதை. செவ்வாயும் அதே. நேரமும் அதே, 12.40.

ஹமீதுக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரிந்தது. கிழவன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பலகைக்கு அடியில் கல்லைக் கொடுக்கிறான், டெலிபோனில் பொய் சொல்கிறான்.

புதன்கிழமை காலை 10.30க்கு ராக்கப்பனை ஆபீஸுக்கே கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் சொன்னான்.

"பதினாலு இஞ்சு கல்லு எங்கலே கெடச்சது?"

ராக்கப்பன் வெற்றிலையை மென்றுகொண்டே நின்றார்.

"இன்னைக்கு நான் மடையில நிக்கிறேன். நீ இங்கன உக்காந்து முள்ளைப் பாத்துச் சொல்லு. நம்பரு வாசிக்கத் தெரியும்ல?"

"தெரியும்."

"கல்லு வைக்க இங்க வழியில்ல. முள்ளு சைபருக்கு வந்துரும். ஒன் வாயாலேயே சொல்லுவ, சைபருன்னு. அதை நான் கேக்கணும்."

ராக்கப்பன் எச்சிலைத் துப்பிவிட்டு, "கூப்பிட்டுட்டு எறக்குங்க மேஸ்திரி" என்றார். அவ்வளவுதான்.

ஹமீது சாவகாசமாகச் சாப்பிட்டான். 12.15க்கு மடைக்கு வந்தான். அளத்தில் ஒரு ஆள் இல்லை. பதினோரு மணிக்கு மேல் அந்த வெயிலில் யாரும் உப்பில் நிற்க மாட்டார்கள். மடையில் மட்டும் ஒரு தகரக் கூரை. அதன் நிழலில் மோட்டாரும், அதை அங்கேயே ஓட்ட இன்னொரு சுவிட்சும், டெலிபோனும். முதலில் காடியைக் கம்பு விட்டுத் துழாவினான். கல் இல்லை. கட்டை இல்லை. ஆளும் இல்லை. பிறகு பலகையை முப்பது அங்குலத்துக்குத் தூக்கினான்.

12.35. டெலிபோன் கைப்பிடியைச் சுற்றினான். அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"ராக்கப்பா, முள்ளு எதுல நிக்கிது?"

"முப்பது."

சரியான பதில். ஆனால் ஹமீது ஒரு நொடி காதிலிருந்து குழாயை எடுத்துப் பார்த்தான். ஆபீஸுக்குப் பின்னால்தான் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் எஞ்சின் கொட்டகை. எப்போது பேசினாலும் அந்த எஞ்சின் சத்தம் தட் தட் என்று கூடவே கேட்கும். இன்றைக்குக் கேட்கவில்லை. எஞ்சின் ஓடுகிறது. ஓடாமல் மோட்டார் எப்படிச் சுற்றும்?

"எறக்குறேன். சொல்லிக்கிட்டே வா."

"கூப்பிட்டாச்சா?"

"ஒனக்கு எதுக்கு? நம்பரைச் சொல்லு."

சுவிட்சைத் திருப்பினான். சங்கிலி கிரீச்சிட்டது. பலகை இறங்கத் தொடங்கியது.

"இருபத்தாறு" என்றது குரல். "இருபத்து ரெண்டு. பதினெட்டு."

எச்சில் துப்பவில்லை. இருமவில்லை. வெற்றிலை வாயோடு ராக்கப்பன் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதே கிடையாது. இது தெளிவாக, நிதானமாக, பானைக்குள் இருந்து பேசுகிற மாதிரி வந்தது. கிழவன் பயத்தில் வெற்றிலையைத் துப்பிவிட்டான் என்று ஹமீது நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பில் அவனுக்குச் சந்தோஷம்கூட வந்தது.

"பதினாறு. பதினாலு."

பலகை அவன் கண் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தது. சங்கிலியில் அவனே வெள்ளை பெயிண்டால் போட்ட கோடுகள். பன்னிரண்டு. பத்து.

"சொல்லுலே."

"பதினாலு."

எட்டு. ஆறு.

"கண்ணு அவிஞ்சு போச்சா? இப்ப எத்தனை?"

"பதினாலு. எறக்காதீங்க."

நாலு. இரண்டு. தொப்பென்று பலகை தரையில் உட்கார்ந்தது. தண்ணீர் நின்றது. மோட்டாரை நிறுத்தினான்.

12.40.

"முட்டாப் பயலே, பலகை தரையில இருக்கு. நான் கண்ணால பாக்குறேன். முள்ளு எதுல நிக்கிது?"

"பதினாலுல. அடியில கொடுத்துருக்கு."

"என்ன கொடுத்துருக்கு?"



ஹமீது குழாயைத் தொங்கவிட்டுப் பெட்டியிடம் போனான். மூடியைத் திறந்தான். அச்சு சைபரில் இருந்தது. அவன் போட்ட கோட்டுக்கு நேராக. விரலால் தொட்டான். சில்லென்று இருந்தது. வெயிலில் கிடக்கிற இரும்பு...

அப்போதுதான் கேட்டது.

டொக்.

கீழே. பலகைக்கு அடியில்.

டொக். டொக்.

உளியால் கல்லில் தட்டுகிற சத்தம்.

ஹமீது குனிந்து பார்த்தான். கலங்கல் தண்ணீர். அசைவில்லை. குமிழி இல்லை. கம்பு விட்டுத் துழாவியது அவன்தான். ஆள் இல்லை என்று அவனுக்குத் தெரியும். பலகையைத் தூக்கலாம் என்று சுவிட்சுக்குக் கை போனது. திருப்பினான். மோட்டார் முனகியது. பலகை ஏறவில்லை.

டொக். டொக். டொக்.

இந்தத் தடவை வேகமாக.

ஒன்பது வருஷம் கொழும்பு. ஒன்றும் உதவவில்லை. கடப்பாரையை எடுத்தான். தண்டவாளத்தில் தட்டினான்.

"ஆளிருக்கா?"

சத்தம் நின்றது.

"ஆளிருக்கா?"

ஒன்றுமில்லை. காற்றுக்கூட இல்லை.

"ஆளி...ருக்கா?"

தண்ணீரிலிருந்து பதில் வரவில்லை.

அவன் முதுகுக்குப் பின்னால், தொங்கிக்கொண்டிருந்த டெலிபோன் குழாயிலிருந்து வந்தது.

"இருக்கேன்."

செருப்பு எப்போது கழன்றது என்று அவனுக்குத் தெரியாது. அரை மைல். உப்புக்கல் காலைக் கிழித்தது. 12.55க்கு ஆபீஸ் வேப்பமரத்தடியில் வந்து விழுந்தான். அங்கே பஞ்சம்மாள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். ஆபீஸ் கதவில் பூட்டு.

"ராக்கப்பன் எங்க?"

"அது அப்பவே போயிருச்சே. பதினொண்ணு பத்து பஸ்ஸுக்கு. முதலாளி வீட்டுக்கு."

"பஸ்ஸுக்கா?"

"ஆமா. ஒங்க கடிகாரத்தையும் கழட்டித் துண்டுல கட்டிக்கிட்டுத்தான் போச்சு. 'இதையே மடைக்காரனா வச்சுக்கங்க மொதலாளின்னு அவரு மேசையில வச்சுட்டு வாரேன்'னுச்சு." ஊறுகாயைத் தொட்டுக்கொண்டாள். "ஏன் மேஸ்திரி, ஒங்களுக்கும் பூட்டிக் கெடந்தது தெரியாதா? டெலிபோன்ல மணி ரெண்டு தடவ அடிச்சுச்சு. அப்புறம் நின்னுபோச்சு. ஆளில்லைன்னு நீங்களே விட்டுட்டீகன்னுல்ல நெனச்சேன்."

ஹமீது ஜன்னல் வழியாகப் பார்த்தான்.

சுவரில் முள் இருந்த இடம் காலி. நாலு ஆணி ஓட்டை. அறுந்த ஒயர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. மேசை மேல் டெலிபோன் குழாய் எடுத்து வைக்கப்பட்டிருந்தது. வாய் பக்கம் மேலே பார்த்துக்கொண்டு.

வியாழக்கிழமை காலை 9 மணிக்கு ராமநாதபுரத்தில் முதலாளி வீட்டில் நின்றான். காலில் துணிக்கட்டு. முதலாளி சதக் அவன் கால்களைத்தான் முதலில் பார்த்தார்.

"ராக்கப்பன் நேத்து எத்தனை மணிக்கு வந்தாரு முதலாளி?"

"பன்னண்டு பத்து இருக்கும். ஒரு மணி வரைக்கும் இந்தா, இந்தத் தூணு பக்கத்துலதான் நின்னான். வேலை வேணும்னு கேக்க வந்தானா, என்னைய வைய வந்தானான்னு இன்னும் வெளங்கல." மேசையைக் காட்டினார். "அதை விடு. என்ன மிசினு இது? கொண்டாந்து வைக்கையில சைபர்ல கெடந்துச்சு. நான் லுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்ய எந்திரிக்கிறேன், டக்குன்னு ஒரு சத்தம். இங்க வந்து நின்னுக்கிருச்சு. எங்க திருப்பி விட்டாலும் இங்கதான் திரும்பி வருது."

ஒயர் இல்லாத வட்டம். கரண்ட் இல்லாத முள். பதினாலில்.

"எத்தனை மணிக்கு முதலாளி?"

"பன்னண்டே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால."

ஹமீது முள்ளைச் சைபருக்குத் திருப்பினான். விரலை எடுத்தான். முள் மெதுவாகத் திரும்பிப் பதினாலுக்குப் போனது. யாரோ பொறுமையாகத் திருத்துகிற மாதிரி. அவன் எல்லாவற்றையும் சொன்னான். முதலாளி குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் கடிதத்தை அவன் பக்கம் தள்ளினார்.

"இதுல கையெழுத்துப் போடுறியா?"

"போட மாட்டேன்."

"கொளும்புல படிச்சவன் செருப்பை விட்டுட்டு ஓடியாந்துட்டான். கூப்பிடுறவன் இருபது வருசமா அங்கனயே கெடக்கான். நான் எவனுக்குச் சம்பளம் குடுக்கணும்?" கடிதத்தை எடுத்துக் கிழித்தார்.

"அந்த மடையில யாராச்சும் செத்துருக்காங்களா முதலாளி?"

"மடையைக் கட்டுனது நானு. ஒரு ஆளு சாகல. ஒரு ஆளுக்கும் வெரலு நசுங்குனது கூட இல்ல."

மதியத்துக்கு மேல், வழியில் ராக்கப்பனையும் ஏற்றிக்கொண்டு, முதலாளியின் காரில் மடைக்குப் போனார்கள். பலகை அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தது. சுற்றுவட்டாரத்தில் விசாரித்தாயிற்று. முங்குகிற ஆட்கள் ஒன்பது பேரும் வந்து வரிசையாக நின்றார்கள். ஊரில் யாரும் காணாமல் போகவில்லை.

ராக்கப்பன் யாரையும் பார்க்காமல் கடப்பாரையை எடுத்தார். தட்டினார். கூப்பிட்டார். மூன்று தடவை. ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் வெகுநேரம் காது கொடுத்து நின்றார். பிறகு சுவிட்சைத் திருப்பினார். நேற்று முனகிய மோட்டார் சத்தமே இல்லாமல் சுற்றியது. பலகை ஏறியது. தண்ணீர் உள்ளே பாய்ந்தது. இரண்டு பேர் முங்கித் தேடினார்கள். சிப்பி தவிர ஒன்றும் இல்லை.

"மேஸ்திரி மொதல்லயே கூப்பிட்டுருக்கலாம்" என்றார் ராக்கப்பன், எச்சிலைத் துப்பிவிட்டு.

பலகை ஏறியபோது மணி 3.05. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். அந்த நேரம் மடையில் நின்றவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

மாலை ஆறரைக்கு ராமநாதபுரம் திரும்பினார்கள். முதலாளியின் மனைவி சித்தி ஜுனைதா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்குள் போகவில்லை. பிள்ளைகளையும் உள்ளே விடவில்லை.

"அந்தச் சாமானை மொதல்ல வெளிய எடுத்துப் போடச் சொல்லுங்க."

"என்னாச்சு?"

"மூணு மணிக்கு மேல அஞ்சு நிமிசம் இருக்கும். நான் மேசைக்குப் பக்கத்துலதான் அரிசி புடைச்சுக்கிட்டு இருந்தேன். அந்த முள்ளு தானா எறங்கிச் சைபருக்குப் போச்சு."

"போகட்டும். அதுக்கு ஏன் இப்படி நடுங்குற?"

"முள்ளுக்கு இல்ல." அவர் முந்தானையால் காதை மூடிக்கொண்டார். "அது சைபருக்குப் போனதும், என் காதுக்குப் பக்கத்துல... ரொம்ப நேரம் தண்ணிக்குள்ள கெடந்துட்டு மேல வந்தவுக மாதிரி, ஒரு ஆளு மூச்சை இழுத்து விட்டாக."